மூஸ்லிக்கு இனி இரண்டு வேளைதான்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து பனிமூட்டம். எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை. வேலைக்கு லீவு. மூஸ்லியைப் பூனை டொக்டரிடம் கொண்டுபோனேன்.

பஸ் முழுக்கக் கத்தல். பயத்தில் இல்லை, சாப்பாட்டுக்கு. முன் சீற்றில் இருந்த அம்மா பூனைக் கூட்டுக்குள் எட்டிப் பார்த்து, "இதற்குள் எத்தனை பூனை?" என்று சுவிஸ் ஜெர்மனில் கேட்டார். ஒன்றுதான் என்றேன். அதற்குப் பிறகு இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு கிலோவுக்கு மேல். ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. இப்படியே விட்டால் நீரிழிவு வரும், ஊசி போட வேண்டிவரும், மூட்டும் போய்விடும். டொக்டர் சின்னப் பெண், முகத்தில் சிரிப்பே இல்லை. "இது பசி இல்லை, பழக்கம். கேட்டால் கிடைக்கும் என்று அது படித்துவிட்டது. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருவர் இளகினாலும் சரிவராது."

வீட்டில் எல்லாரும் என்றால் நானும் இவரும்தான்.

செய்ய வேண்டியவை:
– சின்னத் தராசு
– மூடியுள்ள தகரப் பேணி
– இரண்டு வேளை. காலை, மாலை. நடுவில் ஒன்றும் இல்லை
– சோறு, மீன், சீஸ் அடியோடு நிற்பாட்டல்
– இவருக்குச் சொல்லல்

பின்னேரம் சொன்னேன். முன்னால் இருந்து, மெதுவாக, ஒவ்வொன்றாக. எல்லாவற்றுக்கும் சம்மதமாய் "ஓம்" என்றார். பாரிசவாதம் வந்த நாளிலிருந்து இவரிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். வலக்கை தூக்க மாட்டார். நாங்கள் கதைப்பது பெரும்பாலும் விளங்குகிறது. திருப்பிச் சொல்லத்தான் வாயில் ஒன்றும் வருவதில்லை.

இன்றிலிருந்து தொடக்கம். இளக மாட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

விடிய முதலே மூஸ்லி, இனிச் சுருக்கமாய் மூ., கட்டிலில் ஏறி என் நெஞ்சில் இருந்து கத்தல். போர்வையை இழுத்து மூடினேன். போர்வைக்கு மேலால் நடக்கிறது. தேத்தண்ணி போடப் போனால் காலுக்குள் காலுக்குள் வந்து விழுத்தப் பார்க்கிறது. குசினி அலுமாரிக் கதவை நகத்தால் விறாண்டுகிறது.

தராசில் நிறுத்துப் போட்டேன். கண் மூடித் திறக்க முதல் தட்டு வெறுமை. திரும்பவும் என் முகத்தைப் பார்த்துக் கத்தல், எட்டு நாள் பட்டினி கிடந்ததுபோல.

"கிடையாது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். முதியோர் இல்லத்தில் இன்று சலவை மெஷின் ஒன்று பழுது. படுக்கை விரிப்பு மலையாய்க் குவிந்துபோனது. முதுகு உளைவு.

வந்து பார்த்தால் மூ. செற்றியில் சாய்ந்திருந்த இவருக்குப் பக்கத்தில், மீசையில் சீஸ். ஃப்ரிட்ஜில் இருந்த சீஸ் பக்கெட் பாதியாகிவிட்டது.

"நீங்களோ குடுத்தனீங்கள்?"
"ஓம்."
"இனிக் குடுக்கக் கூடாது. டொக்டர் சொன்னது விளங்குதோ?"
"ஓம்."
"சத்தியமா?"
"ஓம்."

நவம்பர் 9, ஞாயிறு

பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. வெயிலைக் கண்டு ஒரு கிழமை.

சீஸ் வாங்குவதையே நிறுத்தினேன். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் போடும் பூட்டுக் கொளுக்கியை அலுமாரிக்குப் போட்டேன். ஃப்ரிட்ஜுக்கும். இவர் ஒரு கையால் திறக்க முடியாது. நான் பூட்டும்போது கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மீன்குழம்பு. இவர் இடக்கையால் சாப்பிடும்போது துண்டு ஒன்று மேசைக்குக் கீழே விழுந்தது. பிறகு இன்னொன்று. இரண்டாவது விழவில்லை, போட்டார். கண்ணால் கண்டேன்.

மகள் தர்ஷினி ஜெனீவாவிலிருந்து போன் எடுத்தாள். பூனை அவளுடையது. வேலை கிடைத்துப் போகும்போது விட்டுவிட்டுப் போனாள். பெயரும் அவள் வைத்ததுதான், சுவிஸ் ஜெர்மனில் குட்டி எலி என்று அர்த்தமாம். நல்ல குட்டி எலி.

"அம்மா, அப்பா பாவம். நாள் முழுக்க அதோடதானே இருக்கிறார்."
"பாவம் பாத்தா பூனை செத்துப் போகும். நீ வந்து ஊசி போடுவியோ?"
"இல்லையம்மா, நான் சும்மா சொன்னனான்."

தொலைவிலிருந்து சும்மா சொல்லலாம்.

நவம்பர் 13, வியாழன்

இன்று எனக்கு லீவு. இவருக்குப் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா, ஃப்ராவ் அம்ரைன், வந்தார். படம் போட்ட அட்டைகள். கதவு, கோப்பை, மரம். இவர் எல்லாவற்றையும் சரியாகத் தொட்டுக் காட்டினார். வாயால் "ஓம்."

மூ. மேசையில் ஏறி அட்டைகளின் மேல் குந்திக்கொண்டு கத்தல். தூக்கி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். கதவுக்குப் பின்னாலும் கத்தல்.

போகும்போது வாசலில் நின்று ஃப்ராவ் அம்ரைன் சொன்னது: "அவர் சொல்லும் ஓம் எல்லாம் ஓம் இல்லை. அந்தச் சொல்தான் அவருக்கு வருகிறது, அதனால் அதைச் சொல்கிறார். கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள்."

பொறுத்திருக்கலாம். பஸ் பொறுக்காதே. அவருக்கு முன்னால் சரி என்று தலையாட்டினேன்.

நவம்பர் 15, சனி

கட்டடத்துக்குப் பொதுவான மெஷினில் உடுப்பு தோய்க்க இன்று எங்கள் முறை. கீழே இறங்க, ஏற, இறங்க.

நடுவில் மூ.வைத் தூக்கிக்கொண்டு ஆள் நிறுக்கும் தராசில் ஏறினேன், பிறகு தனியே ஏறினேன். கழித்துப் பார்த்தால் கூடியிருக்கிறது. இவ்வளவு பாடுபட்டும் கூடியிருக்கிறது!

செற்றியை இழுத்துப் பார்த்தேன். பின்னால் பாண் துண்டு, புட்டு, நான் இவருக்கு மூடி வைத்துவிட்டுப் போன கோழிப் பொரியலின் எலும்பு. தன் சாப்பாட்டைக் கொடுத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் இவருடைய காற்சட்டை கொஞ்ச நாளாய் இடுப்பில் நிற்பதில்லை. பூனை ஊத, மனிதன் வற்ற.

அழுகையும் கோபமும் ஒன்றாய் வந்தது. கத்தினேன். "இரண்டு பேரையும் வைச்சு நான் என்னெண்டு பாக்கிறது?" இவர் தலையைக் குனிந்துகொண்டார். மூ. வந்து என் காலில் உரசி, சாப்பாடு கேட்டது. அந்த நேரத்திலும்.

முடிவெடுத்துவிட்டேன். திரிம்பாக்கில் இருக்கும் சுமதிக்கு எடுத்தேன். முன்பு என்னோடு சலவையில் வேலை செய்தவள். இப்போது தோட்டத்தோடு வீடு.

"தாங்கோ அக்கா, பிள்ளையள் எப்ப இருந்து பூனை கேக்குதுகள். இஞ்ச ஓடித் திரிஞ்சா தானா மெலியும்."

வாற சனி கூட்டிப்போக வருகிறாள்.

இவரிடமும் கேட்டேன். "மூஸ்லியைச் சுமதி வீட்டை குடுப்பமே?"
"ஓம்."
"உங்களுக்குக் கவலை இல்லையோ?"
"ஓம்."

கவலை இல்லையாம். நல்லது. நிம்மதி.

நவம்பர் 19, புதன்

மழை. வேலையில் ஆள் கூடிவிட்டது என்று வெள்ளனவே அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு நேரத்தோடு நான் வீட்டுக்கு வந்து கனகாலம்.

வாசலில் கதவுத் திறப்பை எடுக்கும்போது உள்ளே கதைக்கும் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நனைந்த ஜக்கெற்றோடு நின்று கேட்டேன்.

மூ. கத்துகிறது. இவர் "ஓம்" என்கிறார். அது திரும்பக் கத்துகிறது, இழுத்து. இவரும் இழுத்து, "ஓ...ம்." பிறகு கேள்வி கேட்பதுபோல ஒரு ஓம். பகிடி விடுவதுபோல ஒரு ஓம். அது பதில் சொல்கிறது. இவர் சிரிக்கிறார். சிரிக்கிற சத்தம்.

நான் உள்ளே போனதும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பூனையின் தடுப்பூசிப் புத்தகம், மண்பெட்டி, சிவப்புப் போர்வை எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்தேன். சொன்ன சொல்லை மாற்றக் கூடாது. பூனையின் நன்மைக்கும் இதுதான். இவர் தன் சாப்பாட்டைத் தான் சாப்பிடவும் இதுதான் வழி.

நவம்பர் 22, சனி

குளிர். முற்றத்துப் புல்லில் வெண்பனி. ரோல்ஸ் பொரித்தேன். சுமதி மத்தியானம் காரில் தனியே வந்தாள்.

மூ. ஆளைக் கண்டதும் கட்டிலுக்குக் கீழே. தீன் பேணியை ஆட்டினேன், ஓடி வந்தது. கூட்டுக்குள் நான்கு உருண்டை போட்டேன், தானாகவே உள்ளே போனது. கதவைச் சாத்தினேன். ஏமாற்றியதுபோல் இருந்தது, ஆனாலும் சாத்தினேன்.

"அண்ணை, கவலைப்படாதேங்கோ. நாங்கள் வடிவாப் பாப்பம். எப்ப வேணுமெண்டாலும் வந்து பாருங்கோ."
"ஓம்" என்றார் இவர்.

சுமதி கூட்டைத் தூக்கினாள். நான் பையை எடுத்தேன். இவர் எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து எங்களுக்கு முன்னால் நடந்து, வாசல் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். வழியனுப்ப வந்தார் என்று நினைத்தேன்.

"விலகுங்கோப்பா, சுமதி போகவேணும்."
"ஓம்."
விலகவில்லை.
"என்னப்பா, விலகுங்கோவன்."
"ஓம். ஓம். ஓம்."

ஒவ்வொரு ஓமும் முதலில் வந்ததைவிடச் சத்தமாய். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இடக்கை கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தபடி. அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஓம் இல்லை.

நான் பையைக் கீழே வைத்தேன். கூட்டுக்குள் மூ.வின் கத்தல் மட்டும். இவருடைய வாய் திறந்தது, மூடியது. உதட்டைக் கடித்தார். "வ" என்றார். "வே..." கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது. கையால் கதவில் ஓங்கி அடித்தார்.

"வேண்டாம்."

பிறகு, தன் வாயிலிருந்து வந்ததைத் தானே நம்பாததுபோல் இன்னொரு தடவை. "வேண்டாம்."

சுமதி கூட்டை நிலத்தில் வைத்தாள். "அக்கா, நான் பிறகு வாறன்" என்றுவிட்டுப் படியிறங்கினாள். ரோல்ஸைக் கட்டிக் கொடுக்கவும் மறந்துபோனேன்.

இவர் கதிரையில் இருந்து அழுதார். நான் நிலத்தில் இருந்து அழுதேன். கூட்டைத் திறந்துவிட, மூ. வெளியே வந்து தட்டைப் போய்ப் பார்த்தது.

காரை விற்கும்போது இவரைக் கேட்டேன். ஓம் என்றார். கட்டிலைச் சின்ன அறைக்கு மாற்றும்போது கேட்டேன். ஓம். தீபாவளிக்கு நான் மட்டும் கோயிலுக்குப் போய் வரட்டோ என்று கேட்டேன். ஓம். கேட்டுத்தான் செய்தேன் என்று எல்லாருக்கும் சொல்லியும் இருக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

முதல் வெயில். ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

இவருக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். "பூனை இருக்கட்டும். ஆனா மெலிய வேணும். அதில மாற்றம் இல்லை." இவர் ஓம் என்றார். பொறுத்திருந்தேன். முகமும் ஓம்தான்.

புது ஒழுங்கு: காலையில் நான் நிறுத்து, நாள் முழுவதற்குமான தீனைப் பேணியில் போட்டு இவரிடம் கொடுப்பேன். பாதி காலைக்கு, பாதி மாலைக்கு. கொடுப்பது இவர் பொறுப்பு. தட்டில் இல்லை, முட்டை வந்த மட்டைப் பெட்டியின் குழிகளுக்குள், இடக்கையால் ஒவ்வொரு உருண்டையாக. மட்டையை எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டும். மூ. தேடி எடுத்துத் தின்னட்டும். பேணி முடிந்தால் முடிந்தது. இவருடைய சாப்பாடு இவருக்கு.

கொளுக்கிகளைக் கழற்றினேன். குசினி இவருடையதும்தானே.

நவம்பர் 27, வியாழன்

ஃப்ராவ் அம்ரைனிடம் சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். அட்டைகளைப் பைக்குள் போட்டுவிட்டு, "இன்று பூனையோடு செய்வோம்" என்றார்.

மூ. வந்து கேட்டது. இவர் வழக்கம்போல "ஓம்" என்றார். தலையை ஆட்டினார், அது இல்லை என்று தனக்கே. கொஞ்ச நேரம் போராட்டம். கடைசியில் "வே... வேண்டாம்" என்று பேணியைக் கவிழ்த்துக் காட்டினார். மூ. பேணிக்குள் தலையை விட்டுப் பார்த்து, திரும்பவும் கத்தியது. இவர் திரும்பவும் சொன்னார். இந்த ஆசிரியருக்குக் களைப்பே வராது என்று ஃப்ராவ் அம்ரைன் சிரித்தார். வேண்டாம் என்ற தமிழ்ச் சொல்லைத் தன் கொப்பியில் ஜெர்மன் எழுத்தில் எழுதிக்கொண்டு போனார்.

செற்றிக்குப் பின்னால் பார்த்தேன். தூசி மட்டும்.

டிசம்பர் 6, சனி

பனி கொட்டுகிறது. வேலைக்குப் போகாத நாளில்தான் கொட்டும்.

மூ. குறைந்திருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் தராசு பொய் சொல்லாது. கத்தல் குறையவில்லை. குறையாவிட்டால் போகட்டும்.

இவருக்கு இப்போது எல்லாம் வேண்டாம். பூசணிக்காய்க் கறி வேண்டாம். குளிக்க வேண்டாம். நான் மாற்றிய கட்டில் இடம் வேண்டாம். அந்த ஓமைப் போலவே வேண்டாமும் தவறி வருகிறதோ என்று ஒவ்வொரு தடவையும் முகத்தைப் பார்க்கிறேன். இல்லை, உண்மையாகவே வேண்டாம்தான். பிடிவாதம் பழைய பிடிவாதம். மறந்தே போயிருந்தேன்.

இன்று மருந்தும் வேண்டாமாம்.

"போடாட்டி திரும்பவும் வாதம் வரும். போடுங்கோ."
"வேண்டாம்."
"சின்னப் பிள்ளையோ நீங்கள்?"
"வேண்டாம்!" கோப்பையைத் தள்ளினார். தண்ணீர் முழுக்க மேசையில்.

நானும் விடவில்லை. குரல் ஏறியது. இவருக்கும் ஏறியது. மூ. இரண்டு பேரையும்விடச் சத்தமாய். மணி அடித்தது. கீழ் வீட்டுக்காரர் செருப்போடு நிற்கிறார். எல்லாம் சரிதானா, உதவி வேண்டுமா என்று கேட்டார்.

"ஒன்றும் இல்லை. நானும் என் கணவரும் சண்டை பிடிக்கிறோம்" என்றேன். சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவர் குழம்பிப்போய்ப் படியிறங்கினார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தேன்.

"மருந்தைப் போடுங்கோ."
"வேண்டாம்."