ரஸ்டிகேட் ஆன மாப்பிள்ளை

29-8-1971, ஞாயிறு இரவு

இன்று அக்கா வீட்டில் தட்டு மாற்றுவதாக இருந்தது. பென்னாகரத்திலிருந்து பெண்ணின் அப்பா வந்திருந்தார்.

"மாப்பிள்ளை ஏனுங்க காலேஜை வுட்டுட்டாரு?" என்று கேட்டார்.

"காப்பியடிச்சு மாட்டிக்கிட்டேங்க. ரஸ்டிகேட் பண்ணிட்டாங்க," என்று உளறினான் என் மருமகன் சேகர். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. தாய்மாமன் நான் எதற்கு இருக்கிறேன்? வாயைத் திறந்தேன், தொப்பூர் மலையே அதிர்ந்திருக்கும்.

"அது வெரட்டறது இல்லீங்க! லத்தீன்ல கிராமம்னு இருக்கற சொல்லுலருந்து வந்தது. சீமையில பிரபு வூட்டுப் பிள்ளைங்களையே கொஞ்ச நாள் கிராமத்துல இருந்துட்டு வான்னு அனுப்பிச்சு, அப்புறம் யானை மேல ஏத்திக் கூட்டிக்குவாங்க. நம்மாளுங்கதான் அதை வெரட்டறதுன்னு ஆக்கிட்டாங்க."

அவர் சிரித்துக்கொண்டே தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோசங்க. யானை வரட்டும். அப்புறமா தட்டு மாத்திக்கலாம்."

அவர் போனபின் சேகர் என்னிடம் வந்தான்.

"நெசமாவே திரும்பக் கூப்பிடுவாங்களா மாமா?"

"சீமையில கூப்பிடுவாங்கடா. நீ படிச்சது சேலத்துல," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. விருந்துக்குக் கிண்டிய கேசரியை அக்கா மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.