தலை வெட்டிய குல்மோஹர்

இன்று காலை பக்கத்துத் தெருவில் ஒரு மரத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை மரத்தின் வாடை மூக்கில் ஏறியது. பால் வாங்கப் போனவன் பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

கம்பெனித் தோட்டத்தில் இருபது வருஷம் மரம் பார்த்தவன் நீ. ஜோகுபாளையத்தில் எனக்கு எதிர்வீடு. என் வாசல் குல்மோஹர் மரத்தை அண்ணாந்து பார்த்துச் சொல்வாய்: "ஒரு பக்கமே கனம் சேருதுப்பா. காஞ்சதையும் உரசுற கிளையையும் மட்டும் எடு. காத்து உள்ள பூந்து வெளியே போயிடும்." உன் வேம்பை வருஷாவருஷம் நீயே கவாத்து செய்தாய். பட்டை உரியக் கூடாதென்று கிளையின் அடியில் முதல் வெட்டு, பிறகுதான் மேலே.

எனக்கோ கார்மேல் இலை விழுவதுதான் பிரச்சினை. நீ ஊரில் இல்லாத நாளில் யாரோ இருவரைக் கூப்பிட்டு உச்சியை மொட்டையடிக்கச் சொன்னேன். ஊரிலிருந்து வந்த நீ மொட்டை உச்சியை அண்ணாந்து பார்த்தாய்.

"தலையையே வெட்டிட்டியே. துளிர்க்கும். ஆனா புதுக்கொம்புக்குப் பிடிப்பு இருக்காது."

இரண்டே வருஷத்தில் முன்னைவிட அடர்ந்தது. "பாத்தியா?" என்று உன்னைச் சீண்டினேன். நீ சிரிக்கவில்லை. "நானே ஏறி, கொஞ்சம் கொஞ்சமா சரி பண்றேன்" என்றாய். வீட்டில் விருந்தாளிகள், அப்புறம் பார்க்கலாம் என்றேன். இரண்டு முறை அப்படிச் சொன்னேன்.

மே மாதச் சாயங்காலம். மழைக்கு முன்பே காற்று வந்துவிட்டது. "உன் ஸ்கூட்டர் மரத்துக்குக் கீழேயே நிக்குது, தள்ளி விடறேன்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாய். நான் சாவியோடு படி இறங்குவதற்குள் புதுக்கொம்பு முறிந்து உன்மேல் விழுந்துவிட்டது.

உன் வேம்பிலிருந்து அன்று சில சுள்ளிகள்தான் உதிர்ந்தன.

தெருவே காற்றைத் திட்டியது. காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவியிடம் போனேன். "அவன் சொன்னதை நான் கேக்கலம்மா."

"தெரியும்ணா. வீட்லயும் அதையேதான் சொல்லிட்டிருந்தார்."

அவ்வளவுதான். என்னை உட்காரச் சொல்லவில்லை.

மிச்ச மரத்தை இப்போது தொழில் தெரிந்தவர்கள் வந்து ஒழுங்காகக் கழிக்கிறார்கள். வெயிலுக்கு நிழல் தருகிறது. நன்றாகப் பூக்கவும் செய்கிறது. அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

வானம் இருண்டால் எல்லோரும் துணி எடுக்க மாடிக்கு ஓடுகிறார்கள். நான் தெருவுக்கு ஓடி, மரங்களுக்கடியில் நிற்பவர்களையெல்லாம் விரட்டுகிறேன். கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறார்கள்.