ரஷ்மிக்கு எட்டில் செவ்வாய்

லோத்குண்டா,
ஹைதராபாத்.
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி மாதங்கிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே மூன்று பேரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், நானும் அப்படியே எழுதிவிடுகிறேன், உடம்புக்குப் பெரிய குறை ஒன்றுமில்லை. ஜெர்மனிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. போனில் பேசினால் அம்மா காதில் விழும், வாட்ஸப்பில் போட்டால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவாய், அதனால்தான் உட்கார்ந்து தமிழில் அடித்து ஈமெயிலில் அனுப்புகிறேன். ராணுவ நிலத்து மதிலைத் தாண்டி மயில்கள் வந்து மொட்டைமாடியில் அம்மா காயப்போட்ட மிளகாயைக் கிளறிவிட்டுப் போகின்றன, அவளுக்கு அவற்றை விரட்டவும் மனசில்லை, மிளகாயை உள்ளே எடுக்கவும் மனசில்லை. எனக்குக் களைப்புதான். ரிட்டயர் ஆனால் ஓய்வு என்று சொன்னவர்கள் யாரும், ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி கௌஷிக் தான் கல்யாணம் பண்ணிக்கொள்ள நினைக்கும் ரஷ்மியைப் பற்றி உன்னிடம் சொல்லியிருப்பான். நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை, அப்பா சீதாராமன் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார், தங்கமான மனிதர். போன மாதம் அவர்கள் வந்தபோது அம்மாவே கேசரி கிளறினாள், பேச்சும் சிரிப்புமாக நன்றாகத்தான் போயிற்று. ஜாதகத்தைப் பிரித்ததும் எல்லாம் போயிற்று. அந்தப் பெண்ணுக்கு எட்டில் செவ்வாய், கௌஷிக்குக்குத் தோஷம் கிடையாது. அன்றிலிருந்து அம்மா முடியாது என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. சீதாராமன் கோபப்படவில்லை, போனில் தழைந்த குரலில், "தை பொறக்கற வரைக்கும் பார்க்கறோம் சார், அதுக்கு மேல இன்னொரு எடத்துக்காராளைக் காக்க வைக்க முடியாது" என்றார். கௌஷிக் டிபன் டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஆபீஸ் போகிறான். "நக்கோப்பா, வேண்டாம், அம்மாகிட்ட இனிமே நீ கெஞ்சாதே, நாங்க ரிஜிஸ்டர் பண்ணிக்கறோம்" என்கிறான். அப்படி நடந்தால் அம்மா அந்தக் கல்யாணத்துக்கு வரமாட்டாள், அவனும் அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறமாட்டான், இருவரையும் எனக்குத் தெரியும். ஒரு குழந்தை தூர தேசத்தில், இன்னொரு குழந்தை இதே ஊரில் இருந்தும் இல்லை என்று ஆகிவிடும். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை மாதங்கி.

நானும் சும்மா இருக்கவில்லை. டிஃபென்ஸ் லேபில் காலமெல்லாம் ரிவ்யூ மீட்டிங்கில் உட்கார்ந்தவன் இல்லையா, எதையும் படம் போட்டு விளக்கினால் தீர்ந்துவிடும் என்ற புத்தி இன்னும் போகவில்லை. நீ வேலை செய்யும் ஆராய்ச்சிக்கூடத்தின் விண்கலம் செவ்வாயைச் சுற்றிக்கொண்டே எடுத்த படங்களை நீ அனுப்பியிருந்தாயே, அவற்றைக் கலரில் பிரிண்ட் எடுத்து வந்து, போன செவ்வாய்க்கிழமை காலையில் அவள் நவக்கிரக சன்னிதிக்குக் கிளம்புமுன் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். நீ எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். இது ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடம், இது அந்த ஆறு ஏரியில் விழுந்து வண்டலைப் பரப்பிய இடம், இப்போது சொட்டு இல்லை. செவ்வாயைக் காத்த காந்தக் கவசம் போனதும் சூரியனிலிருந்து வரும் காற்று அதன் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிட்டது, இன்னும் வெளியேறிக்கொண்டிருப்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நாம் பயப்படுகிற அந்தச் சிவப்பு வெறும் இரும்புத் துரு. அம்மா முழுவதும் கேட்டாள். "எறங்காம மேலேயே சுத்திண்டு இருந்தா உள்ள இருக்கறதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். ரேடார் அலை மண்ணுக்குள் போய்த் திரும்பி வருவதை வைத்து அடியில் புதைந்த பனிக்கட்டியைக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். ஒரே இடத்தை வருஷக்கணக்காக விடாமல் பார்த்தால் எது அசைகிறது, எது கரைகிறது என்று தெரிந்துவிடும் என்றேன். "பாவம், தண்ணியும் போயி காத்தும் போயி நிக்கறது" என்றாள். சரி, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, இந்தக் காய்ந்த உருண்டை நம் பிள்ளையை என்ன செய்யும் என்று நானும் சேர்த்துக்கொண்டேன். அவள் படங்களை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, "அப்போ என் கொழந்தையை எதுக்கு எல்லாரும் வேண்டாம்னா?" என்றாள்.

அவள் கேட்டது உன்னைப் பற்றி. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் உனக்கு ஏழில் செவ்வாய் என்று ஒவ்வொருவராகப் பின்வாங்கினபோதெல்லாம் அவள் அந்த மனிதர்கள்மேல் கோபப்படாமல் பழியைக் கிரகத்தின்மேல் போட்டுவிட்டு, சிவப்புத் துணியில் துவரம்பருப்பை முடிந்துகொண்டு கோயிலுக்குப் போனாள். ரஷ்மிக்கு அது ஒன்றுமில்லை என்று இப்போது ஒப்புக்கொண்டால் உனக்கும் ஒன்றுமில்லை என்றாகிவிடும், ஒன்றுமில்லாத காரணத்துக்காகத்தான் நீ அத்தனை பேர் முன்னால் பட்டுப்புடவையில் வந்து நின்றாய் என்றாகிவிடும். அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அன்றும் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து, "யார் பேருக்கு அர்ச்சனைன்னு குருக்கள் கேட்டார், உங்க பொண்ணு பேரைத்தான் சொன்னேன், வேற என்ன சொல்றது?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

உன்னைப் பார்த்துவிட்டுப் போன சென்னைக்காரர்கள் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு பின்வாங்கினார்களே, அப்போதுகூட நீ, "இட்ஸ் ஓகேம்மா" என்று சொல்லிவிட்டு வெளிநாட்டுக்கு அப்ளிகேஷன் போட உட்கார்ந்துவிட்டாய். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது அம்மாதான். நீ போய்ச் சேர்ந்ததும் அந்தக் கிரகத்தைப் படிக்கத்தான், வீம்பா விருப்பமா என்று நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் உனக்கு வலித்ததா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அதனால் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு. செவ்வாயைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், அதெல்லாம் அவளுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. ரஷ்மி பேச்சையும் நீயாக எடுக்காதே. உனக்கு நடந்ததைப் பற்றிப் பேசு. வலிக்கவில்லை என்பது நிஜமானால் அதைச் சொல். வலித்தது என்றால் அதைச் சொல், அவளைத் திட்டத் தோன்றினால் திட்டு, அவள் தாங்கிக்கொள்வாள். இட்ஸ் ஓகே என்று மட்டும் சொல்லிவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ரொட்டியை மென்றுகொண்டே கம்ப்யூட்டர் முன் உட்காராதே, வெயில் வருகிற நாளில் கொஞ்சம் வெளியே நட. உன் பெரிய மனசுக்கு எல்லாம் நன்றாகவே நடக்கும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. தை பிறப்பதற்குள் பேச மறந்துவிடாதே. பேசும்போது அழுகை வந்தால் மியூட்டில் போடாதே. அம்மா கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
வெங்கடகிருஷ்ணன்