அமலத்துக்கு மறுபரீட்சை

அமலத்தின் அப்பாவுக்கு,

முதல் பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போகிறோம். அதே டாக்டரம்மாவிடம் பிள்ளையை மறுபடியும் காட்டப் போகிறேன். "ஏட்டி, எம் பிள்ளை மந்தமுண்ணு எழுதி வாங்கவா போறே?" என்று நேற்று சத்தம் போட்டீர்கள். அதனால்தான் நீங்கள் பூசைக்குப் போன நேரத்தில் கிளம்புகிறேன்.

மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்திருக்கிறேன். சாளைமீன் புளிமுளக் குழம்பு உறியில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுச் சட்டியை மூடிவையுங்கள், பூனை வரும்.

போன தடவை அந்த அம்மா படத்தையும் மரக்கட்டைகளையும் வைத்துக் கேள்வி கேட்டது, அமலத்தின் புத்தி எங்கே தடுக்கிறது என்று அறியத்தான். நீங்கள் கோயில் உபதேசியார். புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதுபோல, முன்பு அந்த டாக்டரம்மாவிடம் போய்வந்தவர்களிடம் கேள்விகளை விசாரித்து, அவளுக்குப் பதில்களை மனப்பாடமாக்கினீர்கள். பாசத்தில்தான் செய்தீர்கள், எனக்குத் தெரியும். அவளும் தப்பில்லாமல் ஒப்பித்துவிட்டாள். "குறை ஒன்றும் இல்லை, சோம்பல்தான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சோம்பலுக்குத்தான் பள்ளிக்கூடத்தில் தினமும் அடி விழுகிறது. அவள் விரல் வீங்கியிருப்பதை நீங்களும் பார்த்தீர்கள்.

திரும்பி வர இருட்டிவிடும். விளக்கில் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

வியாகுலம்

இன்னொன்று. தலை பின்னும்போது அமலம், "இண்ணைக்கு நான் என்னம்மா சொல்லணும்?" என்று கேட்டாள். "தெரியாததைத் தெரியாதுண்ணு சொல்லு மக்கா" என்றேன். அப்போதிருந்து வாசலில் கைகூப்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "தெரியாது, தெரியாது" என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள்.