வேல் மார்க் புட்டி

ஜூன் 3, 2025
பள்ளி ஆண்டு மலருக்கு நான் எழுதிக் கொடுத்த தாத்தா வரலாறு திரும்பி வந்துவிட்டது. 'பீர்' வந்த இடமெல்லாம் சிவப்பு மை. பெரியப்பா மகன் கதிர்வேல் போனில் சொன்னான்: "ஏன்டா அறிவு, தாத்தா பேர்ல பள்ளிக்கூடம் நடத்தறேன். மலர்ல பீர்னு போட்டா எவன்டா புள்ளையச் சேப்பான்? சோடான்னு முடிச்சுக்க."

சோடாவாம்! மருதாசலத் தாத்தா பீப்பாயில் பீர் தருவித்து, சேலத்தில் புட்டியில் அடைத்து விற்றவர். ஏற்காட்டு எஸ்டேட் துரைமார் குடித்தது அவருடைய வேல் மார்க் பீர். 1937இல் மதுவிலக்கு வந்த பிறகுதான் சோடா. படித்தவன் என்று என்னை எழுதச் சொன்னவன், எழுதியதை அடிக்கிறான். பள்ளி முதல்வர் வேலையை எனக்குத் தராமல் மச்சானுக்குக் கொடுத்தவன் வேறெப்படி இருப்பான்?

ஜூன் 4
மலரில் என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 11
பழைய புட்டிகள் சேகரிக்கும் மதியழகன் சேலத்திலிருந்து வந்தார். என் வீட்டுக்கும் கதிர்வேல் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரை அண்ணாந்து பார்த்தவர் நகரவே இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிந்தபோது, மீந்து கிடந்த பீர் புட்டிகளை உடைத்து அதன்மேல் பதித்தார்கள் — ஒருவர் பக்கம் ஒருவர் ஏறிவிடக் கூடாதாம். பச்சைச் சில்லுகளில் இன்னும் வேல் தெரிகிறது.

"கம்பெனியவே செவுத்து மேல நட்டு வெச்சிருக்கீங்களே சார்!" அடுத்த மாதம் கண்காட்சி வைக்கிறார். "உடையாத புட்டி ஒண்ணு குடுங்க. சில்லைக் காட்டினா எவனும் நம்பமாட்டான்."

எங்கே போவேன்?

ஜூன் 14
மதியழகன் வந்துபோனது கதிர்வேல் காதுக்கு எட்டிவிட்டது. சில்லுகளைத் தட்டிவிடக் கொத்தனாரை ஏற்றிவிட்டான். "பொதுச் செவுரு! ஒரு சில்லு உழுந்தாலும் கோர்ட்டுக்குப் போவேன்" என்று கத்தினேன்.

"பைத்தியம் முத்திப்போச்சு உனக்கு."

"ஆமாங்கண்ணா, பாகத்துல என் பங்குக்கு வந்தது அதுதானே."

கொத்தனார் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார்.

ஜூன் 22
பெரியம்மா திதி. போகாமல் இருக்க முடியாது. அவர் கையால் தின்றவன். சாமியறையில் கதிர்வேல் மனைவி சௌந்தர்யா அண்ணி விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார் — பச்சைப் புட்டியிலிருந்து. முழுப் புட்டி. வேல். வேலின்மேல் குங்குமம்!

"அண்ணி, அது பீர் புட்டி!"

"வாயக் கழுவுடா," என்றான் கதிர்வேல். "பழனில இருந்து தாத்தா கொண்டாந்தது. வேல் இருக்குதே, கண்ணு தெரியல?" தொட்டுக் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டான். அண்ணி திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

ஜூலை 2
சுவருக்கு அந்தப் பக்கம் ஏணிமேல் அண்ணி. சில்லுகள்மேல் சாக்கைப் போட்டு, கண்காட்சிக்கென்று சாமியறைப் புட்டியை நீட்டினார்.

"அடியில இங்கிலீசுல பீர்னு இருக்குதுங்க கொழுந்தனாரே. கல்யாணமாகி வந்த வருசமே கழுவறப்பப் படிச்சுட்டேன்."

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"அவரு கும்புடறாரே. ஆனா பள்ளிக்கூடத்துச் செவுத்துல பொய் பேசாதேன்னு எழுதி வெச்சது நானுங்க." இறங்கப் போனவர் நின்றார். "குங்குமத்தத் தொடச்சறாதீங்க."

ஜூலை 19
மலர் வந்துவிட்டது. அதில் தாத்தா சோடா மட்டும் விற்கிறார். விற்கட்டும்.

கண்காட்சிக்குக் கதிர்வேல் வந்தான். புட்டியைத் தேடித்தான், சண்டைக்குத்தான். நானும் பதிலோடு தயாராக நின்றேன். கண்ணாடிப் பெட்டி முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றினான். கை தானாகக் குவிந்தது.

'மருதாசலம் பீர், சேலம்' என்று நான் எழுதிய அட்டையை மட்டும் அவன் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.