பார்கோட் வெட்டிய பெட்டி

இஞ்சாருங்கோ,

வேலையால் வந்ததும் உள்ளே போய்ப் படுக்க வேண்டாம். அதற்காகத்தான் இதைக் கதவின் வெளிப்பக்கத்தில் ஒட்டுகிறேன். நானும் மகள் நிரூபாவும் எதிர்வீட்டுக் கரோலின் அக்காவிடம் இருக்கிறோம். உங்கள் புட்டும் அங்கேதான்.

நேற்றுக் கத்துகிறது என்று நீங்கள் கழற்றி வைத்த பற்றரியை, நீங்கள் போனபின் நச்சுவாயு அலாரத்தில் திரும்பப் போட்டேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை, கத்தியது. யன்னலைத் திறந்தேன், நின்றது. மூடினேன், மறுபடி கத்தியது.

"றிபேற்றில அரைவிலைக்கு வந்த சாமான் சும்மாதான் கத்தும். கடையில குடுத்து மாத்திப்போட்டு வாரும்" என்றீர்கள். மாற்ற முடியாது. பெட்டியிலிருந்த பார்கோட்டை வெட்டி, ரசீதோடு றிபேற்றுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். வெட்டிய பெட்டியைக் கடை திருப்பி எடுக்காது. அதைச் சொல்லப் பயந்துதான் நேற்று மறைத்துவிட்டேன்.

பாதி விலை தபாலில் திரும்பி வரும் என்றிராவிட்டால் நான் இதை வாங்கியிருக்கவே மாட்டேன். பிள்ளைக்குத் தலையிடியும் இந்த வாயுவால்தான் என்று இப்போது விளங்குகிறது. அதைப் பள்ளிக்கூடம் போகக் கள்ளம் என்றுதானே இருவரும் ஏசினோம்.

காஸ் கொம்பனிக்குப் போன் அடித்துவிட்டேன். ஆள் வருகிறாராம்.

தவமணி

பி.கு: பிழையான அலாரம் என்றால் வந்து ஏசுங்கோ, வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று. வீட்டுக்காரர் லீவால் வந்து, நாங்கள் வாடகைக்கு இருக்கிற பேஸ்மென்டுக்குக் காஸ்காரரைக் கூப்பிட்டது தெரிந்தால் வீட்டைவிட்டு எழும்பச் சொல்வார் என்று பயப்படுவீர்கள். எழும்பச் சொன்னால் எழும்பிப் போவோம். ஒரு விடியலில் மூன்று பேரும் எழும்பாமல் கிடப்பதுதான் எனக்குப் பயம்.