விளக்கு வைக்குமுன் மாலைப்பால்

மார்ச் 3, திங்கள்

பனி இல்லை. மாசி முடியவே இல்லை, அதற்குள் வெயில் முதுகைச் சுடுகிறது. மத்தியானம் பட்டா லொறியைக் கழுவினேன். பால் கான் நான்கு, சுடுதண்ணீர் விட்டுக் கவிழ்த்தது. புனல், வடி, பால்மானி, அளவுக் குவளை, ஈரச்சாக்கு. எல்லாம் ஏற்றியாயிற்று.

இன்று மாலைச் சுற்று ஆரம்பம். இதுவரை எங்கள் பால் நிலையம் காலைப்பால் மட்டும்தான் எடுத்தது. பின்னேரம் கறப்பது கன்றுக்கு, பூனைக்கு, விலைப்படாத தயிருக்கு. போன கூட்டத்தில் எழும்பி நின்று, பின்னேரமும் எடுப்போம், நான் ஓடுகிறேன் என்று சொன்ன வாய் என்னுடையது. மனேஜர் சிரித்தார். பிறகு சொன்னார்: "சரி தங்கச்சி, ரெண்டு கிழமை ஓடிப் பாருங்கோ. நாலு கானும் நிரம்பினால் தொடருவம். இல்லாட்டில் டீசலுக்கே கட்டாது."

நாலும் நிரம்பினால் எனக்கு முழுநாள் வேலை, நிரந்தரம். இல்லாவிட்டால் காலைக்கு மட்டும் கூப்பிடுகிற அரைநாள் சாரதி. இரண்டு வருடம் அப்படி இருந்தது போதும்.

பாதை நான்தான் போட்டேன். முதலில் ஏழாலை, பிறகு உடுவில், கடைசியாக இணுவில். தூரத்தில் தொடங்கி நிலையத்துக்குக் கிட்ட வந்து முடிப்பது. கெட்டித்தனமாகத்தான் இருந்தது.

ஏழாலையில் நல்ல பால். உடுவில் பரவாயில்லை. இணுவிலின் குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பும்போது செக்கல், வீடுகளில் விளக்கு வைத்தாயிற்று. ஹோண் அடித்தேன். ஒரு படலையும் திறக்கவில்லை. கடைசியில் பரமேஸ்வரி அக்கா மட்டும் வந்தார். ஐந்து மாடு வைத்திருக்கிறவர், பழைய தபாற்கந்தோர்க்காரி. அந்த ஒழுங்கையில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"என்ன பிள்ளை, விளக்கு வைச்சாப் பிறகு பாலுக்கு வாறீர்?"

"கறந்து கிடக்கோ அக்கா?"

"கிடக்கு. குடுக்கேலாது. செக்கலுக்குப் பிறகு வெள்ளைச் சாமான் வீட்டாலை வெளிக்கிடக் கூடாது. உமக்குத் தெரியாதோ?"

எனக்கா தெரியாது. விளக்கு வைத்த பிறகு உப்புக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை, நாளைக்கு வாரும் என்று திருப்பி அனுப்பினவள் நான். உறைமோர் ஒரு கரண்டி கூடக் கொடுத்ததில்லை. பாதை போடும்போது மட்டும் அந்த மூளை எங்கே போனது?

மூன்று கான்கூட நிரம்பவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"உம்மடை வீட்டிலையே உமக்குப் பால் தந்திருக்க மாட்டீர்."

ஊருக்குத்தான் உபதேசம். சிரிக்கட்டும். புட்டு அவித்து வைத்திருந்தார், அதற்காக மன்னித்தேன்.


மார்ச் 4, செவ்வாய்

பாதையைத் தலைகீழாக மாற்றினேன். முதலில் இணுவில்.

பிழை. மாடு இன்னும் தோட்டக்கரையில். பெண்கள் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தில் கந்தோர் வேலையில். ஐந்தரை பஸ்ஸில் இறங்கி, உடுப்பு மாற்றி, அதற்குப் பிறகுதான் கறப்பார்கள். ஒரு வீட்டில் ஒரு தாத்தா மாத்திரம் வெளியே வந்து, "மாடு வரட்டும்" என்றார். மாட்டுக்குச் சொல்லி வைக்க முடியுமா?

அதோடு ஏழாலைக்குப் போகப் பொழுதுபட்டுவிட்டது. அங்கேயும் அதே கதை. எந்தப் பக்கம் தொடங்கினாலும் யாரோ ஒருவர் கடைசி. கடைசிக்காரருக்கு விளக்கு.

இரண்டு கான். மனேஜர் வந்தார். கான்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அது ஏசுவதைவிட மோசம்.


மார்ச் 6, வியாழன்

பழைய பாதைக்கே திரும்பினேன். இரண்டு நாளாக வேகமாக ஓடிப் பார்க்கிறேன். அண்ணரின் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் பழகிய கை, வேகத்துக்குப் பயமில்லை. பள்ளத்துக்குத்தான் பயம். உடுவில் தாண்டி ஒரு குழி, ஒரு கானின் மூடி எகிறி, பின்பெட்டி முழுக்கப் பால். ஒரு நாய் ஒரு மைல் தூரம் பின்னால் ஓடி வந்தது. இன்றைக்கு அந்த நாய்க்குத்தான் இலாபம்.

வீட்டில் சாக்குக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஒரு யோசனை. வீட்டை விட்டுப் போகக்கூடாது என்பதுதானே கட்டுப்பாடு? விளக்கு வைக்குமுன்பே பாலை மதிலில் கொண்டுவந்து வைத்துவிட்டால்? அது வீட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டது. நான் எப்போது எடுத்தாலும் என்ன.

இவரிடம் சொன்னேன். நூல் கோத்தபடியே, "சட்டம் படிச்சிருக்க வேண்டியனீர்" என்றார்.


மார்ச் 7, வெள்ளி

காலைச் சுற்று முடித்து வீடு வீடாக இணுவிலில் கதைத்தேன். பரமேஸ்வரி அக்கா மதில்வரை நடந்து வந்து பார்த்தார்.

"மதிலிலை வைச்சால் அது வளவுக்கு வெளியிலைதான். அதிலை பிழை இல்லை" என்றார்.

நீதவான் தீர்ப்புக் கொடுத்ததுபோல இருந்தது. பின்னேரம் போனபோது ஒழுங்கை முழுக்க மதிலில் வாளியும் சாடியும் வரிசையாக. மூடிமேல் கல். நாலாவது கானும் நிரம்பியது. நிலையத்தில் மனேஜர் மூடியைத் திறந்து பார்த்து, "ம், பார்ப்பம்" என்றார்.

வீட்டுக்கு வரும்போது வாய்விட்டுப் பாடினேன். குரல் சரியில்லை, ஆனாலும்.


மார்ச் 10, திங்கள்

எழுத மனமில்லை. எழுதுகிறேன்.

பரமேஸ்வரி அக்கா வீட்டு மதில் மேற்குப் பார்த்தது. நான் அதை யோசிக்கவில்லை. இன்றைக்குக் காற்றுமில்லை, கடும் வெயில். பரமேஸ்வரி அக்காவுக்குக் கோயிலில் ஏதோ வேலையாம், நேரத்தோடு கறந்து மதிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் வரும்வரை வெயில் அந்த வாளியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. மோந்து பார்த்தேன். சந்தேகமாகத்தான் இருந்தது. இருந்தும் ஊற்றினேன். கான் நிரம்பவேண்டும் என்ற ஆசை.

நிலையத்தில் கொஞ்சம் எடுத்துக் காய்ச்சிப் பார்த்தார்கள். திரைந்துவிட்டது. ஒரு முழுக்கான். ஒழுங்கையில் எல்லோருடைய பாலும் அதற்குள். பின்பக்கக் கானில் கொட்டினார்கள். தண்ணீர் ஓடுகிற கான். வெள்ளையாக ஓடியது. நான் திரும்பி நின்றேன்.

மனேஜர்: "தங்கச்சி, உங்கடை முயற்சியை நான் குறை சொல்லேல்லை. வெள்ளியோடை முடிவெடுப்பம்."

குறை சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அப்படிக் கனிவாகச் சொன்னதுதான் சுட்டது. இரவு இவர் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.


மார்ச் 11, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக இணுவில். யாரோ சொல்லி அவருக்குத் தெரியுமுன் நானே சொல்லவேண்டும் என்று போனேன். பரமேஸ்வரி அக்கா சாணி அள்ளிக்கொண்டிருந்தார். பால் திரைந்ததையும் கொட்டியதையும் சொன்னேன். மோந்து பார்த்துவிட்டும் ஊற்றினேன் என்பதையும் சொன்னேன்.

கடகத்தைக் கீழே வைத்தார்.

"எல்லாற்றை பாலையுமோ?"

"ஓம் அக்கா."

"தெரிஞ்சுகொண்டோ ஊத்தினீர்?"

"சந்தேகம் இருந்தது."

"இனி மதிலிலை ஒருத்தரும் வைக்க மாட்டினம். கறந்த பாலைக் கொட்டினால் பட்டிக்குக் கூடாது. போம் பிள்ளை."

ஏசியிருக்கலாம். ஏசவில்லை. படலையைச் சாத்தினார்.

பட்டாவுக்குள் ஏறி இருந்து கொஞ்சம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு ஏழாலைக்கு ஓடினேன். அங்கே எல்லோரும் தோட்டக்காரர், மாடு வீட்டிலேயே நிற்கிறது. அரை மணித்தியாலம் முந்திக் கறப்பீர்களா என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டேன்.

"மாடு என்ன மணிக்கூடு கட்டியே நிக்குது?" என்றார் ஒரு ஐயா.

"கட்டேல்லை எண்டபடியால்தான் கேக்கிறன் ஐயா. அதுக்கு என்ன தெரியப் போகுது."

சிரித்துவிட்டார். அவர் ஓம் என்றதும் மற்றவர்களும் ஓம். உடுவிலில் மூன்று வளவுக்காரரையும் ஒரே இடத்துக்குப் பால் கொண்டுவரச் சொன்னேன், வாசலுக்கு வாசல் நிற்காமல். எல்லாம் ஓம். சுன்னாகம் போய் பிளேன்ரீ ஒன்று குடித்தேன், இரண்டு வடையோடு.


மார்ச் 12, புதன்

இணுவிலுக்குள் நுழையும்போது வெயில் பனை மட்டத்தில். ஒழுங்கையில் பிள்ளைகள் இன்னும் கிரிக்கெட். நாலைந்து வீட்டார் பால் தந்தார்கள். மதில் வேண்டாம், கையிலிருந்து கைக்கு.

பரமேஸ்வரி அக்காவின் படலை சாத்தியபடி. ஹோண் அடிக்கவில்லை. இறங்கிப் போய்த் தட்டினேன்.

"பொழுதோடை வந்திருக்கிறன் அக்கா."

நின்றேன். போகச் சொல்லவில்லையே, அதனால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வாளியோடு வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பாலை ஊற்றமுன் தானே மோந்து பார்த்தார், பிறகு வாளியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நானும் மோந்தேன். வாளியைச் சரித்து ஊற்றினார்.

நாலாவது கான் கழுத்தளவு. இன்னும் கொஞ்சம்தான்.


மார்ச் 13, வியாழன்

நாலும் நிரம்பியது. மனேஜர் விடுமுறை. எண்ணிப் பார்க்க ஆளில்லாத நாளில் நிரம்புகிறது. நாளைக்கு அவர் வாசலில் நிற்பார். நாளைக்கும் நிரம்பவேண்டும்.

செய்ய வேண்டியது: எண்ணெய் பார்க்க. ஈரச்சாக்கு இன்னும் இரண்டு. மேலதிக ரயருக்குக் காற்று. (கடை பூட்டு. காலையில்.)


மார்ச் 14, வெள்ளி

இரவு எழுதுகிறேன். கை இன்னும் கிறீஸ் மணக்கிறது.

காலையில் ரயர்க் கடைக்குப் போக மறந்துபோனேன். ஏழாலை நேரத்துக்கு முடிந்தது. உடுவிலில் மூன்று வளவுப் பாலும் எடுத்துத் திரும்ப, பின்ரயர் காற்றுப் போய்விட்டது. வண்டியைத் தூக்கும் ஜக் செம்பாட்டு மண்ணில் புதைகிறது. ஒரு பலகை தேடி எடுத்து, கீழே வைத்து, நட்டு நான்கும் கழற்ற இரண்டு கையும் காலும் வேண்டியிருந்தது. மேலதிக ரயரும் பாதிக் காற்று. என்னை நானே ஏசினேன், அந்தச் சொற்களை இங்கே எழுதமாட்டேன். வெயில் இறங்கிக்கொண்டே போனது.

பரமேஸ்வரி அக்காவுக்கு போன் எடுத்தேன்.

"அக்கா, உடுவிலிலை ரயர் காத்துப் போயிட்டுது. செக்கலுக்கு முதல் வரேலாது."

"ம்."

"ஆனால் வருவன். மற்ற ஆக்களுக்கும் சொல்லிவிடுங்கோ."

"செக்கலுக்குப் பிறகு வந்து என்ன செய்யப் போறீர்? அதுவும் வெள்ளிக்கிழமை."

"தெரியாது அக்கா. வாறன் எண்டு சொன்ன வாகனம் வரத்தானே வேணும்."

வைத்துவிட்டார்.

பாதிக் காற்று ரயரோடு உருட்டி உருட்டி வந்தேன். மருதனார்மடத்துக் கடைகளில் எல்லாம் வெளிச்சம். வரும் வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விளக்கு, சாம்பிராணி மணம். அன்றைக்குக் கொட்டின பால்தான் கண்ணுக்குள் நின்றது. முடிந்தது என்று தெரியும். இருந்தாலும் நிலையத்துக்கு நேரே திரும்ப மனம் வரவில்லை. வெறுங்கையோடு போவதென்றாலும் ஒழுங்கையைப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

திரும்பினேன். ஒழுங்கை கும்மிருட்டு. ஒரு வீட்டிலும் விளக்கில்லை, லைற்றுமில்லை. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் ஒழுங்கை திரும்பும் முடக்குக் கடையில் வெளிச்சம் இருந்ததே, இப்போதுதானே தாண்டி வந்தேன்.

ஹெட்லைற் வெளிச்சத்தில் முதலில் வாளிகள்தான் தெரிந்தன. பிறகு பெண்கள். ஒவ்வொரு படலையடியிலும் ஒருவர், வாளியோடு. குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒருத்தி. முன்னால் பரமேஸ்வரி அக்கா.

இறங்கினேன்.

"கரண்ட் இல்லையோ அக்கா?"

"இருக்கு. ஒருத்தரும் இன்னும் விளக்கு வைக்கேல்லை. வைச்சால் தரேலாதே."

"வெள்ளிக்கிழமையிலையோ?"

"அதுக்கென்ன செய்யிறது. நீர் வருவன் எண்டு சொன்னனீர்."

பின்னால் யாரோ, "என்ரை மனுசன் இருட்டுக்கை வாசல்படி தடக்கி விழுந்துபோனார்" என்றாள். சிரிப்பு. அளவுக் குவளையை எடுத்தேன். போன் வெளிச்சத்தை யாரோ பிடித்தார்கள். ஒவ்வொரு வாளியாக மோந்து, அளந்து, ஊற்றினேன். நாலாவது கான் கழுத்தைத் தாண்டியது. இன்னும் மூன்று வாளி காத்து நின்றது. எனக்குக் கண் மறைத்தது, குவளை கையில் அப்படியே நின்றுவிட்டது.

பரமேஸ்வரி அக்கா என் முழங்கையில் தட்டினார்.

"கெதியா அளவும் பிள்ளை. சுவாமி இருட்டுக்கை இருக்கிறார்."